மசாய் மாரா நாட்குறிப்பு: பெரும்பூனைகளும் அவற்றைச் சூழும் வண்டிகளும்

ஞாயிறு, ஒலாரே மோடோரோகி

கென்யாவின் நாரோக் மாவட்டத்தில், தான்சானியாவின் செரங்கெட்டி தேசியப் பூங்காவோடு வேலி ஏதுமின்றி ஒட்டிக் கிடக்கும் மசாய் மாரா தேசியக் காப்பகத்தின் பரப்பு சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். மாரா என்றதும் எல்லோரும் நினைப்பது இந்தக் காப்பகத்தைத்தான். ஆனால் அதன் வடக்கிலும் கிழக்கிலும் மசாய்க் குடும்பங்கள் தங்கள் சொந்த நிலங்களை ஒன்றுசேர்த்து, மாத வாடகைக்குச் சுற்றுலா முகாம்களுக்கு விட்டு உருவாக்கிய, கன்சர்வன்சிகள் எனப்படும் வனவிலங்குக் காப்பு நிலங்கள் பல இருக்கின்றன. மாரா நார்த், நபோய்ஷோ, ஓல் கின்யெய் போன்றவை அவற்றுள் அடங்கும். நானும் தங்கையும் தங்கியிருப்பது ஒலாரே மோடோரோகி என்ற கன்சர்வன்சியில். காப்பகத்துக்குள் ஒரே ஒரு நாள் மட்டும் போய்வர எண்ணியிருக்கிறோம். விலங்கு மந்தைகள் மாரா ஆற்றைக் கடக்கும் செப்டம்பர் மாதத்தில் ஆற்றங்கரையை விட்டுவிட்டு இங்கே வந்து எதற்குத் தங்குகிறீர்கள் என்று நைரோபியில் ஒரு பயண முகவர் முகத்துக்கு நேராகவே கேட்டார்.

காலையில் நைரோபியை விட்டுக் கிளம்பி, பிளவுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் தேநீருக்கு இறங்கினோம். கீழே லோங்கோனோட் எரிமலை தெளிவாகத் தெரிந்தது. மலைச்சாலை இறங்கி முடியும் மாய் மாஹியுவில், 1942இல் இத்தாலியப் போர்க்கைதிகள் சாலை அமைக்கும்போது கட்டிய சின்னஞ்சிறு தேவாலயம் இன்றும் நிற்கிறது. நாரோக் ஊரை ஒட்டி கோதுமை வயல்கள். பிறகு வயல்கள் மெலிந்து, ஆட்டுமந்தைகள் பெருகி, செகனானி வாயிலை நெருங்கும்போது சாலையோரத்திலேயே வரிக்குதிரைகள் மேயத் தொடங்கிவிட்டன.

முகாமுக்கு வேலி கிடையாது. தடித்த கேன்வாஸ் கூடாரம், உள்ளே நல்ல கட்டில், பின்புறம் மறைப்பு கட்டிய குளியலிடம். குளிக்க வேண்டும் என்று சொன்னால், ஒருவர் வெந்நீரைச் சுமந்து வந்து வாளியில் ஊற்றி, கயிற்றால் மேலே ஏற்றிவிட்டு, வெளியிலிருந்தே குரல் கொடுக்கிறார். தண்ணீர் எவ்வளவு நேரம் வரும் என்பது அந்த வாளியின் கையில். இருட்டிய பிறகு அஸ்காரி எனப்படும் காவலர் துணையின்றிக் கூடாரத்தை விட்டு ஓரடிகூட எடுத்து வைக்கக் கூடாது என்பதை வந்த உடனேயே சொல்லிவிட்டார்கள். கடல்மட்டத்துக்கு மேல் 1,500 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருப்பதால் இரவில் குளிர் நன்றாகவே உறைக்கிறது. படுக்கைக்குள் வெந்நீர்ப் பை வைக்கும் வழக்கத்தைப் பற்றி மட்டும் எவரும் சொல்லவில்லை. போர்வைக்குள் கால் நீட்டிய தங்கை, "அண்ணா, உள்ளே ஏதோ இருக்கிறது" என்று போட்ட கூச்சலில் காவலர் ஓடி வந்துவிட்டார்.

திங்கள், சிங்கங்கள்

விடியலுக்கு முன் காபியும் பிஸ்கட்டும் கூடாரத்துக்கே வந்தன. பக்கவாட்டில் கண்ணாடியோ கதவோ இல்லாத லேண்ட் குரூசரில், மசாய் இனத்தைச் சேர்ந்த எங்கள் வழிகாட்டி, எங்கே போகிறோம் என்று எதுவும் சொல்லாமல் ஒரு மேட்டில் ஏறி வண்டியை அணைத்துவிட்டுக் காதைக் கொடுத்துக் காத்திருந்தார். சிங்கத்தின் கர்ஜனை எட்டு கிலோமீட்டர் வரை கேட்கக்கூடியது என்பதால், இரவில் எந்தத் திசையிலிருந்து கேட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, காலையில் அந்தத் திசையில் மான்கள் எந்தப் பக்கம் முகம் திருப்பி நிற்கின்றன என்று பார்ப்பதுதான் அவரது முறை. அரைமணி நேரத்தில், ஒரு வறண்ட ஓடையை ஒட்டிய குரோட்டன் புதரருகே பெண் சிங்கங்கள் நான்கையும் குட்டிகள் ஏழையும் கண்டோம்.

இரவு உண்ட வில்டபீஸ்ட் என்ற பெரிய மானின் எச்சம் சற்றுத் தள்ளிக் கிடந்தது. வயிறு புடைத்துப் பக்கவாட்டில் சரிந்து கிடந்த பெண் சிங்கம் ஒன்றின் மடியில் மூன்று குட்டிகள் முட்டிக்கொண்டிருந்தன. அவற்றுள் இரண்டு அதன் குட்டிகளே அல்ல என்றார் வழிகாட்டி. ஒரே கூட்டத்துப் பெண் சிங்கங்கள் அக்காள் தங்கை, தாய் மகள், சித்தி, பாட்டி என்று இரத்த உறவுடையவை. ஏறத்தாழ ஒரே சமயத்தில் ஈனும்போது குட்டிகளைப் பொதுவாகவே வளர்க்கின்றன. வண்டியிலிருந்து ஏழெட்டு மீட்டர் தூரத்தில் இருந்ததால், மீசை மயிர்கள் முளைக்கும் இடத்தில் உள்ள கரும்புள்ளிகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. அந்தப் புள்ளிகளின் அமைப்பு ஒவ்வொரு சிங்கத்துக்கும் வேறுபடுவதால், ஆராய்ச்சியாளர்கள் அவற்றைக் கொண்டே ஒவ்வொன்றையும் அடையாளம் காண்கிறார்கள். மூக்கின் இளஞ்சிவப்பில் வயதேற ஏறக் கரும்பொட்டுகள் கூடுகின்றன. மடியைக் கொடுத்திருந்த சிங்கத்தின் மூக்கு ஏறத்தாழப் பாதி கறுத்திருந்தது. கண்ணோரத்தில் ஈக்கள் மொய்த்தன. காதை ஒருமுறை அசைத்ததோடு சரி, அது கண்ணைத் திறக்கவே இல்லை.

திறந்த வண்டியில் அமர்ந்திருப்பவர்களைச் சிங்கம் ஏன் தாக்குவதில்லை என்று தங்கை கேட்டாள். வண்டியையும் அதற்குள் இருப்பவர்களையும் அது ஒரே பொருளாகவே கொள்கிறது. அந்த உருவம் உடையும்படி எழுந்து நிற்பதோ, கையை வெளியே நீட்டுவதோ, கீழே இறங்குவதோதான் ஆபத்து என்று வழிகாட்டி விளக்கினார். நாளில் இருபது மணி நேரம் வரை படுத்தே கழிக்கும் பிராணி என்பதால், சிங்கத்தைப் பார்ப்பது என்பது பெரும்பாலும் சிங்கம் தூங்குவதைப் பார்ப்பதுதான். அதில் ஏமாற்றமடைபவர்கள் மாராவுக்கு வராமல் இருப்பதே நல்லது.

ஆண் சிங்கங்கள் இரண்டு மதியத்துக்குப் பிறகு வந்து சேர்ந்தன. ஒரு கூட்டத்தை ஆளும் ஆண்களை வெளியிலிருந்து வரும் ஆண்கள் விரட்டிவிட்டால், புதியவை செய்யும் முதல் காரியம் பெரும்பாலும் பழையவற்றின் குட்டிகளைக் கொல்வதாகும். குட்டியை இழந்த தாய் விரைவில் மறுபடி இணைசேரத் தயாராகிவிடும் என்பதே காரணம். ஆகவே இந்த ஏழு குட்டிகளும் உயிரோடு இருப்பது, தூங்கி வழிவதுபோல் தெரியும் அந்த இரண்டு ஆண்களைப் பொறுத்தது. அவற்றில் மூத்ததன் உதட்டில் ஆறிப்போன நீண்ட வெட்டுத் தழும்பு இருந்தது. தழும்பு என்றால் மாராவில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஸ்கார்ஃபேஸ். வலது கண்மேல் வெட்டுத் தழும்போடு ஆண்டுக்கணக்கில் இந்தச் சமவெளியை ஆண்டு, 2021 ஜூனில் முதுமையால் இறந்த சிங்கம் அது.

ஆனால் எல்லாச் சிங்கங்களுக்கும் முதுமை வாய்ப்பதில்லை. காப்பகத்தின் வடமேற்கில் வாழும் மார்ஷ் பிரைட் என்ற புகழ்பெற்ற கூட்டம் 2015 டிசம்பரில் மாடுகளைக் கொன்றது. அதற்குப் பழிவாங்க மாட்டின் உடலில் பூச்சிக்கொல்லி நஞ்சு தடவி வைக்கப்பட்டது. கூட்டத்தில் சில இறந்தன. இதைச் சொல்லும்போது வழிகாட்டி எந்தப் பக்கமும் சாயவில்லை. மாட்டுக்காரருக்கு ஒரு மாடு என்பது என்ன என்று எனக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னார்.

செவ்வாய், சிவிங்கிப்புலி

இன்று முழுவதும் ஒரே ஒரு விலங்கைத்தான் பார்த்தோம். காலை ஏழரை மணிக்குக் கறையான் புற்று ஒன்றின் உச்சியில் அமர்ந்திருந்த பெண் சிவிங்கிப்புலியையும் (சீட்டா), அடிவாரத்தில் ஒன்றன்மேல் ஒன்று தாவி விளையாடிய இரண்டு குட்டிகளையும் கண்டதும், வழிகாட்டி நூறு மீட்டருக்கு அப்பாலேயே வண்டியை நிறுத்திவிட்டார். குட்டிகளுக்கு ஐந்து மாதம் இருக்கும். பிறந்தபோது முதுகில் படர்ந்திருக்கும் சாம்பல்நிற நீள்மயிர் பிடரியில் மட்டும் கொஞ்சம் எஞ்சியிருந்தது. தாயின் கண்ணின் உள்மூலையிலிருந்து வாய்வரை இறங்கும் கருங்கோடு பைனாகுலர் இல்லாமலே தெரிந்தது.

ஒன்பதே முக்கால்வரை ஒன்றும் நடக்கவில்லை. அதன் பிறகு தாய் இறங்கி, தலையைத் தோளுக்குக் கீழே தாழ்த்தி, தாம்சன் மான்கள் மேய்ந்த தாழ்வை நோக்கி நடக்க ஆரம்பித்தது. மான் தலை நிமிர்ந்தால் நிற்கும்; குனிந்தால் நடக்கும். குட்டிகள் சொல்லி வைத்ததுபோல் புல்லில் படுத்துவிட்டன. அறுபது மீட்டர் இருக்கும்போது அது பாய்ந்தது. மணிக்கு நூறு கிலோமீட்டரை எட்டக்கூடிய அந்த வேகத்தைக் கண்ணால் தொடர முடியுமே தவிர மனம் பின்தங்கிவிடுகிறது. மான் இருமுறை வளைந்தது. சிவிங்கிப்புலி வாலைத் துடுப்புபோல எதிர்ப்பக்கம் வீசித் தானும் வளைந்தது. மூன்றாம் வளைவில் முன்காலின் உட்புறமுள்ள கூர்நகத்தால் மானின் பின்காலைத் தட்டி விழுத்தியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. குரல்வளையைக் கவ்விக்கொண்டு கிடந்தபோது அதன் விலா ஏறி இறங்கிய வேகத்தைப் பார்க்கவே எங்களுக்கு மூச்சு வாங்கியது.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சிவிங்கிப்புலி உடனே உண்ணவில்லை. இளைப்பாறியபடி சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டே இருந்தது. பாறுக் கழுகுகள் இறங்கினால் அவற்றைப் பார்த்துக் கழுதைப்புலி வரும். கழுதைப்புலி வந்தால் சண்டையிடாமல் விட்டுக்கொடுத்துவிட்டுப் போவதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை. ஓட்டத்துக்காகவே மெலிந்த உடல், சிறு பற்கள், முழுதாக உள்ளிழுக்க முடியாமல் ஓடியோடித் தேய்ந்த நகங்கள் ஆகியவற்றை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட முடியாது. காயப்பட்டால் வேட்டை இல்லை. வேட்டை இல்லையென்றால் குட்டிகளும் இல்லை. அது குட்டிகளை அழைத்தது. மூன்றும் அவசர அவசரமாகத் தின்றன. இருபத்தைந்து நிமிடங்களில் இரண்டு கழுதைப்புலிகள் வந்து சேர்ந்துவிட்டன. பாதிக்கு மேல் தின்றாகிவிட்டதால் இழப்பு அவ்வளவு பெரிதல்ல.

இந்த நேரம் முழுவதும் எங்களைத் தவிர இரண்டு வண்டிகள் மட்டுமே இருந்தன. ஒரு விலங்கைச் சூழ ஐந்து வண்டிகளுக்கு மேல் கூடாது என்பது கன்சர்வன்சி விதி. வண்டிகள் நாற்பது இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு ஊகம் தேவையில்லை. மாராவின் சிவிங்கிப்புலிகளை ஆராய்ந்த ஃபெம்கே ப்ரூக்ஹுயிஸ் 2018இல் வெளியிட்ட கட்டுரையின்படி, சுற்றுலா வண்டிகள் குறைவாக உள்ள பகுதிகளில் ஒரு தாய் ஓர் ஈற்றில் சராசரியாக 2.3 குட்டிகளைத் தனித்து வாழும் வயதுவரை வளர்த்தெடுக்கிறது. வண்டிகள் மிகுந்த பகுதிகளில் 0.2. வண்டிகள் குட்டிகளை நேரடியாகக் கொல்வதில்லை. வேட்டையைக் கலைப்பது, மானை எச்சரிப்பது, தாய் உணவை விட்டு விலகும்படி நெருக்குவது, குட்டியையும் தாயையும் பிரிப்பது என்று ஒவ்வொன்றும் சிறிது சிறிதாகச் சேர்கிறது. உலகம் முழுவதும் எஞ்சியிருக்கும் சிவிங்கிப்புலிகள் ஏழாயிரம் அளவில்தான் என்று 2016இல் மதிப்பிடப்பட்டது. நம் நாட்டில் 1952இல் அற்றுப்போனதாக அறிவித்து, 2022இல் நமீபியாவிலிருந்து குனோவுக்குக் கொண்டுவந்து மறுபடி தொடங்க வேண்டிய நிலைக்கு வந்த விலங்கும் இதுவே.

புதன், காப்பகத்துக்குள்

ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டவருக்குக் காப்பக நுழைவுக் கட்டணம் தலைக்கு 200 டாலர். காலை ஆறு முதல் மாலை ஆறு வரைதான் செல்லும். ஆண்டின் முதல் பாதியில் இதுவே 100 டாலர்.

டாலெக் ஆற்றங்கரையில் ஒரு சிறுத்தை இருப்பதாக, ஓட்டுநர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வண்டி ரேடியோவில் செய்தி வந்தபோது மணி எட்டு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கிகேலியா மரத்தைச் சுற்றி வண்டிகளின் வளையம் ஒன்று உருவாகியிருந்தது; முப்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன். தொங்கும் நீண்ட காய்களுக்கு நடுவே, ஒரு கிளையில் நான்கு காலையும் தொங்கவிட்டுச் சிறுத்தை படுத்திருந்தது. அதற்கு மேல் கிளையில் இம்பாலா ஒன்றின் உடல். சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் எட்டாமல் இரையை மரமேற்றி வைத்து, தனியாக உண்டு, தனியாகவே வாழும் விலங்கு, பட்டப்பகலில் இத்தனை மனிதக் குரல்களுக்கு நடுவே கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. அது இறங்க முயன்றது இரண்டு முறை. இரண்டு முறையும், இறங்கும் பக்கத்தை நோக்கி வண்டிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு நகர்ந்ததால் திரும்ப ஏறிவிட்டது. ஐந்து வண்டிகள், 25 மீட்டர் இடைவெளி, பிறர் காத்திருந்தால் பத்து நிமிடம் என்ற விதிகள் காப்பகத்திலும் எழுத்தில் இருக்கின்றன. காவலர் வண்டி ஒன்று வந்ததும் வளையம் கலைந்தது. அது போனதும் மறுபடி கூடியது.

ஓட்டுநர்களைத் திட்டுவது எளிது. பக்கத்து வண்டியில் இருந்த பயணி ஒருவர், இன்னும் கிட்டே போ, இதற்காகத்தானே பணம் கொடுத்தோம் என்று தன் ஓட்டுநரின் தோளைத் தட்டிக்கொண்டே இருந்ததை நான் பார்த்தேன். ஓட்டுநரின் வருமானத்தில் கணிசமான பங்கு பயணிகள் கொடுக்கும் அன்பளிப்பு. அன்பளிப்போ பெரும்பாலும் கைப்பேசியில் விழும் படத்தைப் பொறுத்தது. ஆகவே, தள்ளியே நிறுத்துங்கள், படம் வராவிட்டால் பரவாயில்லை என்று முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிடுவதுதான் பயணி செய்யக்கூடிய ஆகப் பெரிய உதவி. நாங்கள் இருபது நிமிடங்களில் கிளம்பிவிட்டோம்.

மாரா ஆற்றிலும் இதே கதை. பதின்மூன்று லட்சம் அளவிலான வில்டபீஸ்ட்டுகளும், சுமார் இரண்டு லட்சம் வரிக்குதிரைகளும் மழையையும் புதுப்புல்லையும் தொடர்ந்து செரங்கெட்டிக்கும் மாராவுக்கும் இடையே ஆண்டு முழுவதும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. ஜூலைக்கும் அக்டோபருக்கும் இடையில் அவை இந்த ஆற்றை இங்கும் அங்குமாகக் கடப்பதைப் பார்க்கத்தான் உலகமே வருகிறது. மந்தை கரைக்கு வந்து, நுகர்ந்து, பின்வாங்கி, மறுபடி வந்து மூன்று மணி நேரம் தயங்கியது. எதிர்க்கரையில் அவை ஏறவேண்டிய சரிவின் வாயிலிலேயே வண்டிகள் நின்றன. கடைசியில் ஒரு வரிக்குதிரை இறங்க, அதன் பின்னால் நூற்றுக்கணக்கில் குதித்தன; சரிவு அடைபட்டிருந்ததால் ஒரு பகுதி செங்குத்தான கரையில் ஏற முடியாமல் நீரில் சுழன்றது. முதலை பிடிப்பது இதில் மிகச் சிறு பங்கு. ஆண்டுக்குச் சராசரியாக 6,250 வில்டபீஸ்ட்டுகள் இந்த ஆற்றில் மூழ்கி இறக்கின்றன என்று 2017இல் வெளியான ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. அவற்றின் உடல்கள் பாறுகளுக்கும் மீன்களுக்கும் உணவாகின்றன. எலும்புகள் ஆண்டுக்கணக்கில் கரைந்து ஆற்றுக்கு உரமாகின்றன. இறப்பு இங்கே இயல்புதான். அதில் வண்டிகளால் கூடுவது எவ்வளவோ அதைத்தான் என்னால் இயல்பென்று கொள்ள முடியவில்லை.

வியாழன், இரவு

காப்பகத்தில் அனுமதிக்கப்படாத இரவுப் பயணம் கன்சர்வன்சியில் உண்டு. செந்நிற வடிகட்டி போட்ட விளக்கை வழிகாட்டியின் உதவியாளர் இடமும் வலமும் வீச, திரும்பி மின்னும் கண்களைக் கொண்டே விலங்கை இனம் காண்கிறார்கள். மான் இனங்களின் கண்ணில் விளக்கை நிறுத்துவதில்லை. கூசிப்போன மான் அடுத்த சில நிமிடங்களுக்குச் சிங்கத்துக்கு எளிய இரையாகிவிடும்.

கழுதைப்புலிகளுக்கு இங்கே நல்ல பெயர் கிடையாது, ஆனால் எனக்கு இன்றைய இரவில் மிகவும் பிடித்தவை அவைதாம். வளையின் வாயிலில் கன்னங்கரேலென்ற குட்டிகள் நான்கு எங்கள் வண்டியின் சக்கரத்தை மோப்பம் பிடித்து, ஒன்று ரப்பரைக் கடித்தும் பார்த்தது. கூட்டத்தை ஆள்வது பெண்கள். தாயின் தகுதி குட்டிக்குப் போகிறது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கே ஹோல்காம்ப் 1988 முதல் டாலெக் பகுதிக் கழுதைப்புலிகளைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார். தின்பதில் பெரும்பகுதியைத் தாங்களே வேட்டையாடிக்கொள்ளும் இந்த விலங்குக்குத் திருடன் பட்டம் எப்படி ஒட்டிக்கொண்டதோ! சிங்கம் அவற்றின் இரையைப் பறிப்பதும் இங்கே அன்றாடம் நடப்பதுதான்.

திங்களன்று கண்ட சிங்கக் கூட்டம் வேட்டைக்குக் கிளம்பியிருந்தது. வழிகாட்டி விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டார். அடுத்த முக்கால் மணி நேரம் நாங்கள் பார்த்தது ஒன்றுமில்லை. குளம்படிகள் ஓடும் ஓசையும், ஒரு கதறலும், பிறகு உறுமல்களும்தான் கேட்டன.

வெள்ளி, மாட்டுப்பட்டி

ஈட்டி ஏந்திய காவலரோடு காலையில் நடந்தே அருகிலிருந்த மசாய்க் குடியிருப்புக்குப் போனோம். முள்வேலி வளையத்துக்குள் இரவில் மாடுகள், வேலியைச் சுற்றி வீடுகள். வீட்டுக்குரிய பெரியவருக்கு ஒலாரே மோடோரோகியில் நிலம் இருக்கிறது. ஒரு கூடாரத்துக்கு 700 ஏக்கர் என்ற கணக்கில் முகாம்களுக்கு உச்சவரம்பு இருப்பதால் அறைகள் குறைவு, கட்டணம் அதிகம். அந்தக் கட்டணத்திலிருந்து வரும் மாத வாடகை, மழை பொய்த்தாலும் தவறாது என்பதால்தான் நிலத்தை வேலியிட்டுப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன் என்றார். தவறியதும் உண்டு. 2020இல் பெருந்தொற்றால் பயணிகள் வரவு நின்றபோது வாடகை குறைந்து, பலர் மாடுகளை விற்க நேர்ந்தது. அப்போது சிங்கத்தைப் பற்றி என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன். சிங்கம் வாடகை கொடுக்காத மாதத்திலும் மாட்டைத் தின்னும் என்றார், சிரிக்காமல்.

முகாமுக்கு முன்பதிவு செய்ய நினைப்பவர்கள் கூடாரத்தின் படங்களைப் பார்ப்பதற்கு முன், நிலம் யாருடையது, வாடகை எப்படிப் போகிறது, ஒரு விலங்கருகே எத்தனை வண்டிகள் விடுவீர்கள், வழிகாட்டிகள் கென்யத் தொழில்முறை வழிகாட்டிகள் சங்கத்தின் தேர்வை எழுதியவர்களா என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பிப் பார்க்கலாம். நல்ல முகாம்கள் இதற்கு விரிவாகவே பதில் எழுதுகின்றன; மழுப்பும் பதில் வந்தால் அதுவும் ஒரு தகவல்தான். எங்கள் வழிகாட்டி அந்தத் தேர்வில் வெண்கலத் தகுதி பெற்றவர், அடுத்து வெள்ளிக்குப் படிக்கிறார். பூனைகளைப் பற்றி எதைக் கேட்டாலும் சொல்லிவிடுவேன், புல்லுக்குள் பறக்கும் சின்னஞ்சிறு பழுப்புப் பறவைகள்தான் ஒன்றுபோலவே இருந்து உயிரை வாங்குகின்றன என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தார்.

ஓல் கியோம்போ ஓடுபாதையில் விமானம் இறங்குவதற்கு முன், அதில் மேய்ந்த டோபி மான்களை ஒரு வண்டி ஓட்டிவிட வேண்டியிருந்தது. மென்மையான பையில் பதினைந்து கிலோவுக்கு மேல் ஏற்றமாட்டார்கள். நைரோபியின் வில்சன் நிலையத்துக்கு முக்கால் மணி நேரப் பயணம். இடையில் வேறு இரண்டு ஓடுபாதைகளில் இறங்கி ஆள் ஏற்றினால் இன்னும் அரைமணி கூடும்.